தீர்ப்புக் கதைகளும் இருபுறம் காட்டும் படங்களும்

குழந்தை நூலொன்றை மதிப்பிடுவோர் அதன் மொழியெளிமையையும் இறுதியில் அது கூறும் நீதியையும் ஆராய்வது வழக்கம். கதையில் எழும் பூசல் எவ்வாறு தீர்கிறது என ஆராய்வோர் மிகச் சிலரே. படநூல்களைக் கொண்டு சிறுவர்க்குப் பிணக்குத் தீர்க்கும் பண்பைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கோ அதுவே முதல் வினாவாதல் வேண்டும்.

தமிழ்ச் சிறுவர் நன்கறிந்த கதைகளையே முதற்கண் நோக்கலாம். அப்பத்துக்காகச் சண்டையிட்ட பூனைகள் குரங்கிடம் நியாயம் கேட்டன. சமமாகப் பங்கிடுவதாகக் கூறிய குரங்கு, மாறிமாறிக் கடித்து முழு அப்பத்தையும் தின்று தீர்த்தது. மரியாதைராமன் கதைகளிலோ நடுவர் நேர்மையாளர். பொய்யனின் சூழ்ச்சியை நுண்ணறிவால் வெளிப்படுத்துகிறார். ஒன்றில் நடுவன் வஞ்சகன், மற்றதில் அறிஞன். எனினும் இரண்டிலும் வழக்காடியோர் தமக்குள் பேசித் தெளியவில்லை. தீர்ப்பு மேலிருந்தே வருகிறது. இக்கதைகள் அறிவுக்கூர்மையை வளர்ப்பன என்பதில் ஐயமில்லை. ஆயின், இவற்றை மட்டுமே கேட்டு வளரும் சிறுவன், பென்சிலுக்காக எழும் சிறு சண்டைக்கும் ஆசிரியரைத் தேடி ஓடுவதில் வியப்பில்லை. வெல்பவன் ஒருவன், தோற்பவன் ஒருவன் என்னும் கணக்கே அவன் மனத்தில் பதிகிறது.

இதற்கு மாறான அமைப்பினைப் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் மெக்கீ 1985இல் வெளியிட்ட 'இரண்டு அரக்கர்கள்' என்னும் படநூலில் காணலாம். மலையின் மேற்கே ஓர் அரக்கன். கிழக்கே மற்றோர் அரக்கன். மலையிலுள்ள துளைவழியே பேசும் இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஓர் அந்திப்பொழுதில் பகல் மறைவதன் அழகை மேற்கிலிருப்பவன் வியக்கிறான். இரவு வருகிறது என்பதே சரியெனக் கிழக்கிலிருப்பவன் மறுக்கிறான். பேச்சு வசையாகிறது, வசை கல்லெறியாகிறது. மலையைப் பெயர்த்துப் பெயர்த்து எறிந்ததில் மலையே தகர்ந்துபோக, மற்றவன் கண்ட வானத்தை அவரவரும் முதன்முறையாகக் காண்கின்றனர்.

இக்கதையில் நடுவருமில்லை, பொய்யனுமில்லை. இருவர் கூற்றும் உண்மையே. இதனைச் சொல்லைவிடப் படமே சிறப்பாக உணர்த்துகிறது. மலையின் இருபுறத்தையும் ஓவியம் ஒருசேரக் காட்டுவதால், அரக்கர் அறியாததைச் சிறுவன் முன்னரே அறிந்துகொள்கிறான். நூலுக்குக் குறையும் உண்டு. மலை அழிந்த இழப்பை அது நகைச்சுவையோடு கடந்துவிடுகிறது. அம்மலையில் வாழ்ந்த பறவைகள் என்னாயின என்னும் வினாவை வகுப்பில் ஆசிரியரே எழுப்புதல் வேண்டும்.

மறுபுறத்தைக் காட்டித் தெளிவிக்கும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. உறையூரை நலங்கிள்ளி முற்றியிருந்தான். நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தான். அந்நிலையில் கோவூர்கிழார் எவர் பக்கம் நியாயம் எனத் தீர்ப்புரைக்கவில்லை. இருவர் சூடியதும் பனையன்று, வேம்பன்று, ஆத்தியே எனச் சுட்டிக்காட்டினார். எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என உணர்த்தினார். புறநானூற்றின் 45ஆம் பாட்டு சொல்லால் தீட்டிய படமெனலாம்.

இந்நோக்கு பினாங்குத் தமிழாசிரியர்க்குப் பெரிதும் வேண்டுவது. ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில், 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் லெபோ குயினில் உள்ளது. கூப்பிடு தொலைவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குவான் யின் கோயிலும் நிற்கின்றன. இத்தகைய நகரின் தெருக்களில்தான் 1867 ஆகஸ்டில் ஏறத்தாழப் பத்து நாள் கலவரம் நிகழ்ந்தது. கீ ஹின், துவா பெக் கோங் என்னும் சீனச் சங்கங்கள் மோதின. மலாய்க்காரரும் இந்திய முஸ்லிம்களும் இருந்த வெள்ளைக்கொடி, செங்கொடிக் கூட்டங்கள் முறையே அவற்றோடு அணிசேர்ந்தன. அஃது இனத்துக்கும் இனத்துக்குமான போரன்று. இரு அணியிலும் பல இனத்தார் இருந்தனர். படத்தில் காட்டினாலன்றிச் சிறுவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்காது.

இன்று மலேசியத் தொடக்கப்பள்ளிகள் தேசியப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி எனப் பிரிந்துள்ளன. தமிழ்ப்பள்ளிச் சிறுவன் சீனச் சிறுவனைத் தெருவில் காண்கிறான். வகுப்பில் அவனோடு அமர்வதரிது. மலைக்கு இருபுறமும் வாழ்ந்த அரக்கர் நிலை அவனுக்கு வெறுங்கதையன்று.

ஆகவே, படநூலைத் தேர்வோர் நீதிவாக்கியத்தை மட்டும் நோக்குதல் போதாது. ஒருவனை அழகனாகவும் மற்றவனை விகாரனாகவும் வரைந்த ஓவியம், கதை தொடங்குமுன்னரே தீர்ப்பை வழங்கிவிடுகிறது. வலியவன் எளியவனை வருத்துமிடத்தில் மரியாதைராமனின் தீர்ப்பு வேண்டியதே. அங்கே இருபுறமும் சமமெனல் அறமாகாது. ஆயின் சிறுவர் பிணக்குகளில் பல, ஒரே அந்தியை இருபுறமிருந்து கண்டதால் விளைவன. கதையை மற்றவன் வாய்மொழியாகத் திருப்பிச் சொல்லச் சிறுவனைத் தூண்டும் நூலே அவற்றைத் தீர்க்கத் துணைசெய்வது.