ஆபீஸ் கடிதங்கள்

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. ஒரகடம் சாலையில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, அந்தக் கடையும் பெருத்துவிட்டது. அட்டைப் பெட்டிகளுக்குத்தான் அங்கே மரியாதை. ஃபைல்கள் என்றால் கடைக்காரருக்கு அலுப்பு. கிளிப்பையும் குண்டூசியையும் கழற்ற வேண்டுமே! சென்ற மாதம் அங்கே ஒரு கட்டு என் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு கம்பெனியின் பரிசோதனைக்கூடத்துக் கடிதங்கள். புரட்டிக்கொண்டு நின்றேன்.

"அதுல என்ன சார் இருக்கு? எல்லாம் ஆபீஸ் லெட்டர்" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் சில நாட்களுக்கு முன்னால் நானும் அதையேதான் சொல்லியிருந்தேன், யெல்லப்ரகட சுப்பாராவின் கடிதங்களைப் பற்றி.

சுப்பாராவை நம்மில் பலருக்குத் தெரியாது. 1895ல் பீமாவரத்தில் பிறந்தவர். ஆந்திரர் என்றாலும் சென்னை அவரைத் தனக்கும் உரியவர் என்று சொல்லிக்கொள்ளலாம். திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி எல்லாம் இங்கேதான். மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பெரிய பட்டம் கைநழுவி, சின்னப் பட்டம்தான் கிடைத்தது என்று சொல்வார்கள். 1922ல் பாஸ்டனுக்குப் போனார். திரும்பி வரவேயில்லை. 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாவது வயதில், அமெரிக்காவிலேயே இறந்தார்.

இவருடைய வாழ்க்கையை எஸ். பி. கே. குப்தா என்ற பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார். 'இன் குவெஸ்ட் ஆஃப் பனஸியா' என்று பெயர், 1987ல் வந்தது. கடிதங்களையும் பழகியவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி எழுதிய புஸ்தகம். தலைப்புக்குக் கீழே 'வெற்றிகளும் தோல்விகளும்' என்று போட்டிருக்கிறார். தோல்வியைத் தலைப்பிலேயே ஒப்புக்கொள்கிற சரித்திரங்கள் நம் நாட்டில் அபூர்வம். நம்மவர்கள் பெரிய மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் மாலையை எடுத்துக்கொண்டு பிறகுதான் பேனாவை எடுப்பார்கள்.

நான் நாவலாசிரியன். அதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாஸ்பரஸ் பற்றிய பக்கங்களைத் தள்ளிவிட்டு, ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவி சேஷகிரியைத் தேடினேன். தன் முகத்தையே பாராமல் கைக்குழந்தையாய் இறந்த மகனைத் தேடினேன். கதை அங்கேதான் இருக்கிறது என்று எண்ணம். மற்றவை ஆபீஸ் கடிதங்கள்.

இந்த வாசிப்பு தவறு என்று இப்போது நினைக்கிறேன். துக்கம் எல்லா மனிதருக்கும் உண்டு. அதில் சுப்பாராவ் நம்மைப் போன்றவர்தான். அவர் வேறுபடுகிற இடம் வேலை. அந்த வேலையில்தான் அவர் தன்னை மறைத்துக்கொண்டும் இருந்தார்.

சான்றுக்கு ஒன்று. 1925ல் பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறை ஒன்றை ஹார்வர்டில் ஸைரஸ் ஃபிஸ்க்கேயும் சுப்பாராவும் வெளியிட்டார்கள். மாணவர்கள் இன்னும் படிக்கிற முறை அது. பிறகு தசைக்குச் சக்தி தரும் பொருள்களில் இருவரும் உழைத்தார்கள். 1929ல் ஏ.டி.பி. என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் லோமனும் கண்டுபிடித்தார். ஆனால் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பிற்காலத்தில் மற்றவர்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், ஃபிஸ்க்கேயின் பொறாமையே அதற்குக் காரணம் போலும் என்றும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். வெளியீடு என்பது பகிரங்கமான மேடை. அதில் ஏற ஒருவர் அனுமதி தேவைப்படுகிறது. கடிதத்துக்கு அந்த அனுமதி வேண்டாம்.

1940ல் லெடர்லி மருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தின் அமைப்பையும் அதைச் செயற்கையாய்ச் செய்யும் வழியையும் சொல்லும் 1946ம் வருஷக் கட்டுரையில் பதினாறு பெயர்கள். அவர் பெயர் நடுவில் ஒன்று. அந்த அமிலத்தின் கதை 1931ல் பம்பாயில் தொடங்கியது என்றே சொல்லலாம். ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் சோகைக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தினார் லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. சாற்றில் இருந்தது இன்னதென்று பிறகுதான் தெரிந்தது. இன்று ஒரகடத்தில் வேலை பார்க்கும் பெண் கர்ப்பமானால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான். யாரோ எழுதிய கடிதங்கள் அவள் கைவரை வந்திருக்கின்றன.

இன்னொன்று. பாஸ்டனில் ஸிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் பிடிப்பதாக அவருக்குப் பட்டது. அப்படியானால் இதற்கு எதிரான பொருளைக் கொடுத்தால் என்ன? கேள்வி ஒரு ஊரில். அந்தப் பொருளைச் செய்யக்கூடியவர்கள் வேறொரு ஊரில். சுப்பாராவின் குழுவினர் செய்து அனுப்பியதுதான் அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்குத் தற்காலிகமாய்க் குணம் தெரிந்தது என்று இருக்கிறது. கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் சுப்பாராவ் இல்லை. இரண்டு மாதத்தில் அவரே இல்லை.

இந்த நாடகம் முழுவதும் எங்கே நடக்கிறது? 'மருந்து அனுப்புங்கள்', 'போதவில்லை', 'பலன் இன்னது' என்கிற ரகக் கடிதங்களில்தான். தன் எண்ணம் தலைகீழானதை ஒருவர் ஒப்புக்கொள்வதும், இன்னொருவர் வாதாடாமல் வேலையைத் திருப்பிப்போடுவதும் எந்த நாவலுக்கும் குறைந்த விஷயமில்லை. நடையழகு அங்கே இருக்காது. தான் எழுதுவதை நாலு பேர் படிப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் எழுதுவதுதான் அதன் அழகு. இலக்கியக்காரர்களின் கடிதங்களில் கிடைக்காத அழகு அது. பாதிப் பேர் அச்சுக்கென்றே எழுதுகிறோம்.

இந்த ஊர் ராமானுஜர் பிறந்த ஊர். பதினெட்டுத் தடவை நடந்து பெற்ற ரகசியத்தை, நரகமானாலும் சரி என்று கோபுரத்தின்மேல் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார் என்பது நம் பாட்டிமார் சொல்லும் கதை. நமக்குப் பிடித்தது கோபுரத்தில் ஏறிய காட்சி. பதினெட்டு நடைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விஞ்ஞானத்தில் கட்டுரை என்பது கோபுரம். கடிதம் என்பது நடை.

யானைக்கால் நோய்க்கு நாம் விழுங்கிய மாத்திரையும் சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்ததுதான். 1953ல் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1995ல் ஒரு தபால் தலை போட்டார்கள். போதும் என்று நினைத்துவிட்டோம். கடிதங்களை ஒருவர் தேடித் திரட்டியிராவிட்டால் இவ்வளவும் பதினாறு பெயர்களுக்கு நடுவே கிடந்திருக்கும்.

கடைக்காரரிடம் எடைக்கு ஒரு ஃபைலை வாங்கி வந்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். இரண்டு இரவுகள் படித்தேன். மகத்தானது எதுவுமில்லை. ஏதோ ஒரு பசை வெயிலில் இளகுகிறது. யாரோ ஒருவர் ஏழெட்டுக் கடிதங்களில் பொறுமையாக அதன் காரணத்தைத் துரத்திக் கடைசியில் பிடிக்கிறார். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'மானேஜருக்காக' என்று அச்சிட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு கிறுக்கல். எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன்; பெயர் தெரியவில்லை.