மிருதங்கம் தூக்கி வந்த இயற்பியல் சார்

நல்ல வாத்தியார் யார் என்று யார் கேட்டாலும் நான் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்பேன். தஞ்சாவூரில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது எங்களுக்கு ஒலியியல் தாள் எடுத்தாரே, அவரைப் போல ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

அவர் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் “எஸ் சார்” செல்லாது. ஒரு கேள்வி கேட்க வேண்டும், கேட்டால்தான் அட்டெண்டன்ஸ். பாடத்திலிருந்துதான் கேட்க வேண்டும் என்றில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், “கோயில் மணி அடிச்சு முடிச்சப்புறமும் ஏன் சார் சத்தம் ஏறி ஏறி இறங்குது?” என்றான். சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கையிலிருந்த நோட்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டார். வார்ப்பில் மணி துல்லியமான வட்டமாக அமைவதில்லை. அதனால் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து எழுகின்றன, அவை கூடியும் கழிந்தும் வருவதுதான் அந்த ஏற்ற இறக்கம். விம்மல் என்கிற பாடம் முழுக்க அந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துபோனது. சிலபஸில் அது எத்தனையாவது யூனிட் என்று எவனும் பார்க்கவில்லை.

ஆனால் மிருதங்க வகுப்புதான் உச்சம். பலா மரக்கட்டையில் செய்த கனமான மிருதங்கம். தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். மேசைமேல் துண்டை விரித்து, வலப்பக்க முகமான வலந்தலை மேலே பார்க்கும்படி நிறுத்தினார். அதன்மேல் சலித்த மணலை மெல்லத் தூவினார். மோதிர விரலால் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டு ஆள்காட்டி விரலால் தட்ட, மணல் குதித்து ஓடி நடுவில் ஒரே கோடாக நின்றது. விரலை நகர்த்தி மறுபடி தட்டினால் வேறு உருவம். அதிராத இடத்தில்தான் மணல் தங்கும். போர்டில் வெறும் சமன்பாடாகப் பார்த்த கணுக்கோட்டை நாங்கள் கண்ணால் பார்த்தோம். முண்டியடித்துக்கொண்டு மேசையைச் சூழ்ந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அப்புறம்தான் கணக்குக்கு வந்தார். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விகிதத்தில் போகும். அதனால்தான் பறைக்கும் டிரம்முக்கும் தெளிவான சுருதி பிடிபடுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் பூசியிருக்கிற கறுப்புச் சோறு அந்த விகிதங்களை 1, 2, 3 என்று முழு எண்களுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. இதை 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் சி.வி. ராமன், உடன் எழுதியவர் சிவகாளி குமார். 1934-இல் ராமன் இன்னும் விரிவாக எழுதினார். அவரும் இப்படி மணல் தூவித்தான் பார்த்தார். நோபல் வாங்கிய ஒளிச்சிதறலை மட்டுமே மனப்பாடம் செய்திருந்த எங்களுக்கு, நம் கச்சேரி வாத்தியத்தின் மேல் அவர் காதை வைத்திருந்தார் என்பது எப்பேர்ப்பட்ட செய்தி!

“முதல்ல காது கேக்கட்டும்மா, கணக்கு அப்புறம் தானா வரும்” என்பார் சார். சத்தியமான பேச்சு. பரீட்சைக்கு எங்களையே கேள்வித்தாள் தயாரிக்கச் சொன்னதும், லேப் ரெக்கார்டில் ‘ஏன் தப்பு வந்தது’ என்பதற்குத் தனி மார்க் போட்டதும் இதே வழிதான்.

அதே வாரம் எங்களை மிருதங்கம் செய்கிறவர் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அங்கே அந்தக் கறுப்புப் பூச்சுக்காகச் சோற்றோடு கிட்டக்கல் பொடியைக் கலந்து, ஒவ்வொரு பூச்சாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார் அந்தப் பெரியவர். சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “ஐயா, இதோட போதும்னு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டார். பெரியவர் ஒரு தட்டு தட்டிக் காட்டி, இன்னும் ஒரு பூச்சு வைத்து, மறுபடி தட்டிக் காட்டினார். முதல் தட்டில் ஒட்டாமல் நின்ற ஒலி இரண்டாவதில் கூடி வந்ததை எங்கள் எல்லோர் காதும் கேட்டது. பெரியவர் விளக்கிக்கொண்டே போக, சார் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். சார் எழுதுகிறாரே என்று நாங்களும் நோட்டைத் திறந்தோம். அந்த நோட்டை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.