நம் ஆலயப் படங்களும் நாட்டின் பருவங்களும்

நம் சபைகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களிலும் நாட்காட்டிகளிலும் பழைய நாட்டுப்புற ஆலயங்களின் புகைப்படங்கள் தவறாது இடம்பெறுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வார்ப்பின: மாசற்ற நீலவானம், நெடிதுயர்ந்த கோபுரம், முன்னே சிறிது பசுமை, மனிதர் ஒருவருமில்லை. இக்கண் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டைகளே சான்று பகரும். பனி மூடிய ஆங்கிலக் கிராம ஆலயத்தை நாம் தலைமுறை தலைமுறையாய் ஒருவருக்கொருவர் அனுப்பி வந்துள்ளோம். நம் நாட்டில் மார்கழியில் பெய்வதோ மழை! 2023 டிசம்பர் 17, 18 நாட்களில், திருவிழாவுக்கு ஒரு வாரமே இருக்கையில், காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணி கரை புரண்டது.

பசுமை தேடுவோர் பத்தமடைப் பக்கம் வருகின்றனர். கன்னடியன் கால்வாய் பாயும் அவ்வயல்களில் காரும் பிசானமுமாய் நெல் விளைகிறது. ஆற்றுக் கோரையை அறுத்து, ஊறவைத்துப் பாய் நெய்வோர் வாழும் ஊர் அது. ஆயினும் நெல்லை நாட்டுத் திருச்சபையின் பெயர்பெற்ற நாட்டுப்புற ஆலயங்கள் பல இவ்வாற்றுப் பசுமையில் எழுந்தவை அல்ல. தெற்கிலும் கிழக்கிலும் பரந்த பனங்காட்டிலும் செம்மணல் தேரியை அடுத்த ஊர்களிலுமே எழுந்தன. மெய்ஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரத்தின் கீழ்க் காணும் மரநிழலும் இயற்கை தந்ததன்று. 1837இல் அங்கு வந்த ஜான் தாமஸ் ஐயர் காலத்தில் கிணறு வெட்டி, நீர் இறைத்து வளர்த்தது. படத்திலோ அது வெறும் அழகாய் நின்றுவிடுகிறது.

இடையன்குடி ஆலய வேலை 1880இல் முடிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. கால்டுவெல் ஐயர் களிமண்ணில் மாதிரி வனைந்து காட்ட, உள்ளூர்க் கொத்தர்கள் அவ்வளைவுகளைச் செதுக்கினர். அதன் கூர்வளைவுகளின் எழிலை நாம் மறுக்கவில்லை. அதனைச் சூழ்ந்த வாழ்வு சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவதே நம் குறை. படமெடுப்போர் விரும்பும் பொன்னொளி காலையிலும் மாலையிலும் கிடைப்பது. பதநீர்க் காலத்தில் பனையேறி மரத்திலிருப்பதும் அவ்வேளைகளிலேயே. கோபுரமும் அவரும் ஒரே ஒளியில் நிற்கின்றனர். படத்திலோ கோபுரம் மட்டுமே. பனையேறுவோர் வெகுவாய்க் குறைந்துவிட்ட இந்நாளில், இன்று எடுக்காத படத்தை இன்னும் சில ஆண்டுகளில் எடுக்க விரும்பினும் இயலாது.

இஸ்ரவேலரின் பண்டிகைகள் வாற்கோதுமை, கோதுமை, திராட்சை ஆகியவற்றின் அறுப்போடு பிணைந்திருந்தன என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். அறுப்பின் பண்டிகையில் நம் சபையார் படைக்கும் நெல்லும் தேங்காயும் கருப்பட்டியும் ஏலத்துக்கு வருவது மட்டும் படத்துக்குரிய பொருளாக நமக்குத் தோன்றவில்லை போலும்.

வார இறுதி ஊழியத்துக்குக் கிராமம் செல்லும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். ஆலயத்துக்கு எதிரே ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, ஆடிக் காற்றில் மணல் பறக்கையிலும், ஐப்பசியில் சுவர் நனைந்து கறுக்கையிலும், பங்குனி வெயிலிலும் அங்கேயே நின்று படமெடுங்கள். உள்ளே வருவோரையும் சேர்த்தெடுத்து, அவர்தம் இசைவோடு பெயரும் நாளும் எழுதி வையுங்கள். பழைய ஆலயத்தை இடித்துப் புதிது கட்டச் சபை முடிவெடுக்கும் நாளில், வெறும் கோபுரப் படங்களை வைத்துக்கொண்டு எதனை இழக்கிறோம் என எடுத்துரைப்பது அரிது. அசனத்தன்று அடுப்புப் புகை கோபுரத்தைப் பாதி மறைத்துவிடும். அத்தகைய படமொன்றை எந்த நாட்காட்டியிலும் நாம் இதுவரை கண்டதில்லை.