நாலரை அடித் தட்டி

நான்கடி அல்ல, ஐந்தடியும் அல்ல, நாலரை அடி! இணைய மையங்களில் கணினிக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் தட்டி, அதற்குமேல் ஓர் அங்குலமும் உயரலாகாது என்று 2011 ஏப்ரலில் மத்திய அரசு விதி வகுத்தது. வருவோரிடம் அடையாளச் சான்று கேள் என்கிறது அந்த விதி. பெயரைப் பதிவேட்டில் எழுதி ஓராண்டு காத்து வை என்கிறது. எந்தெந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்ற சுவட்டையும் ஓராண்டு சேர்த்து வை என்கிறது. காசு வாங்கிக் கணினி தரும் கடைக்கு எழுதப்பட்ட விதி அது. தொழிலாக இணையம் தரும் இடமே இணைய மையம் என்று சட்டமே இலக்கணம் கூறுகிறது.

கடைக்கு எழுதிய விதிக்குக் கலைக்கூடத்தில் என்ன வேலை? வடசென்னையில் நாம் கண்ட நூலகப் பலகை ஒன்று, எந்த நூலகம் என்பது இங்கே தேவையில்லை, பதினொரு கட்டளைகளைத் தாங்கி நிற்கிறது. பதினொன்றும் ‘கூடாது’ என்றே முடிகின்றன! அருகே ஒரு பதிவேடு. பெயர், முகவரி, கைபேசி எண். கடைசியில், ‘நோக்கம்’ என்றொரு கட்டம்.

நோக்கம்! 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிய மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தனர். அதே மாதத் தொடக்கத்தில், புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துப் படகையும் வலையையும் கருமையாக்கிற்று. அந்தக் குப்பத்துப் பெண்ணொருத்தி, இந்த வாயு நுரையீரலை என்ன செய்யும், யாரிடம் முறையிடுவது என்று தேட வருகிறாள் எனக் கொள்வோம். அவள் அண்ணன் அந்த ஆலையிலேயே ஒப்பந்தக் கூலி என்றும் கொள்வோம். அந்தக் கட்டத்தில் அவள் எதை எழுதுவாள்? துறைமுகத்துச் சரக்குப் பெட்டி லாரியின் ஓட்டுநர், தன் வைப்பு நிதியை முதலாளி கட்டினானா என்று பார்க்க வருகிறான். சாதி கடந்து மணம்புரிய நினைப்பவன், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் படிக்க வருகிறான். இவர்களெல்லாம் நோக்கத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டுமாம்!

“கைபேசிதான் வீட்டுக்கு வீடு இருக்கிறதே!” என்பார் சிலர். இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று. அது அப்பன் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கிறது. மாதவிலக்கு நோயைப் பற்றி அதில் தேடும் துணிவு எந்தப் பெண்ணுக்கு உண்டு?

நூலகவியலின் ஐந்து விதிகளை அரங்கநாதன் வெளியிட்டது 1931இல், இதே சென்னையில். வாசகனின் தேவையை நடுவில் நிறுத்தியவர் அவர். 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் வந்தது. குடிக்கூலி கொடுப்பவனும் மறைமுகமாக அதைச் செலுத்துகிறான். பணம் கொடுத்தவன் பதிவேட்டுக்கு அஞ்சி வாயிலில் நிற்பதா?

“நூலை எடுத்தாலும் பெயர் எழுதுகிறோமே!” என்று கேட்கலாம். எழுதுகிறோம், நூல் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. பார்த்த பக்கம் எங்கே போகிறது, திரும்பி வர?

ஆபாசத்தைத் தடுக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. வகுப்பறையில் நிற்கும் நமக்கு அந்தக் கவலை கூடுதலாகவே உண்டு. ஆனால் சொல்லைக் கண்டு கதவடைக்கும் வடிகட்டிக்கு, மார்பகப் புற்றுநோய்க்கும் மஞ்சள் படத்துக்கும் வேறுபாடு தெரிவதில்லை. அமெரிக்காவில், மத்திய நிதி பெறும் நூலகங்களில் வடிகட்டி வைக்க 2000இல் சட்டம் வந்தது. 2003இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. வயது வந்தவர் கேட்டால் தடையை நீக்கலாம் என்ற வசதி அந்தத் தீர்ப்பில் பெரிதாகப் பேசப்பட்டது. நம் பலகையில் அந்தக் கதவு எங்கே? அயலாரிடம் அடைப்பை மட்டும் கற்றுக்கொண்டு, திறப்பை விட்டுவிட்டோமோ?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறியது 2017இல். மாணவியர் விடுதியில் மாலை நேரத்தில் கைபேசியைப் பறித்த விதியை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் எனக் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019இல். பலகை எழுதியவர் காதில் இரண்டும் விழவில்லை போலும்.

நல்ல விதிக்கு அரைப் பக்கம் போதும். காத்திருப்போர் இருந்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம். தேர்வுக்கு விண்ணப்பிப்பவருக்குக் கூடுதல் நேரம். அருகிருப்பவரைத் துன்புறுத்தும் படமோ ஒலியோ கூடாது. அங்கே தண்டிக்க வேண்டியது நடத்தையை, தேடலை அல்ல. சிறுவர்க்குத் தனி மேசை, உதவிக்கு நூலகர். ஒருவர் எழுந்ததும் அவர் பார்த்த சுவடு கணினியிலிருந்து அழிய வேண்டும். சட்டப்படி யார் வந்தார் என்று குறிக்க வேண்டியிருந்தாலும், எதற்கு வந்தார் என்று கேட்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை இன்றே அடித்துவிடலாம்.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள தோழர்கள் தத்தம் நூலகத்துக்குப் போய் அந்தப் பலகையை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். வாசகர் வட்டம் இருக்குமிடத்தில், அடுத்த கூட்டத்தில் அதை வரி வரியாக விவாதிக்கட்டும். அந்தக் கூட்டத்துக்குப் பெண்களையும் அழைக்கட்டும்.