இரண்டு நிமிஷத்துக்குள்

மல்யுத்தத்தைப் பற்றி இங்கே ஏன் எழுத வேண்டும் என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது கோதாவில் ஏறுமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. ரசிகனுக்கும் இது தெரியும். தெரிந்த பிறகும் அவன் பார்க்கிறான் என்றால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத்தான் பார்க்கிறான், அதாவது உருவத்தை. அதனாலேயே அவனுடைய அபிப்பிராயங்கள் நம்முடைய இலக்கிய அபிப்பிராயங்களின் அதே தவறுகளைச் செய்கின்றன.

2017 ஏப்ரல் 9. டோக்கியோவில் சுமோ நடக்கும் ரியோகோகு கொகுகிகான் மண்டபம். நியூ ஜப்பான் நிறுவனத்தின் ஜூனியர் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஹிரோமு தகஹாஷியும் குஷிடாவும் மோதினார்கள். 1986-ல் ஏற்பட்ட பட்டம். 100 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கானது. அதே வருஷம் ஜனவரி 4-ல் டோக்கியோ டோமில் குஷிடாவிடமிருந்து ஹிரோமு அதைப் பறித்திருந்தார். மீட்க வந்த குஷிடா 1 நிமிஷம் 56 விநாடியில் தோற்றார்.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. இந்த எடைப் பிரிவிடம் அவர்கள் எதிர்பார்ப்பது இன்னது என்று ஒரு பழக்கம் உண்டு. 1981-ல் டைகர் மாஸ்க் முகமூடியோடு வந்து டைனமைட் கிட்டைச் சந்தித்த நாளிலிருந்து ஜூனியர் என்றால் வேகம், பறத்தல், எண்ணி மாளாத வித்தைகள். அவை கிடைக்காதபோது பந்தயமே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மற்றொரு கட்சி அதை ஆதரித்தது. ஆனால் எப்படி? இது அடுத்த பந்தயத்துக்கான தயாரிப்பு என்று. ஜூன் 11-ல் ஒஸாகாவில் குஷிடா பட்டத்தைத் திரும்பப் பெற்றதும் தாங்கள் சொன்னதே சரியாகிவிட்டதாக இவர்களுக்குத் திருப்தி.

எனக்கு இந்த ஆதரவு அந்த எதிர்ப்பைவிட மோசமானதாகப் படுகிறது. எதிர்த்தவன் தான் பார்த்ததைப் பார்த்துக் கோபப்பட்டான். ஆதரித்தவன் பார்க்கவே இல்லை. பின்னால் வரப்போகும் நீளமான ஒன்றின் பேரில் இதற்குக் கடன் கொடுத்தான். ஒரு சிறுகதையை, இது நாவலாக வளரக்கூடியது என்று பாராட்டுவது போலத்தான்.

அந்த 116 விநாடிகளில் இருந்தது என்ன? ஜனவரியில் இழந்ததை ஏப்ரலில் மீட்டுவிடலாம் என்று ஒருவன் வருகிறான். பதில் சொல்ல அவனுக்கு அவகாசமே தரப்படுவதில்லை. தோல்விக்குக்கூடக் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது. போராடித் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ளவாவது. அந்த ஆறுதலும் இல்லாமல் முடிகிறது. இதை அரைமணி நேரத்தில் காட்ட முடியாது. அளவுதான் அதன் பொருள்.

இதை நான் அன்று எழுதியிருந்தால் உருவத்தைப் பற்றிய ஒரு விவாதத்தில் ஜெயித்த சந்தோஷத்தோடு நின்றிருப்பேன். ஆனால் அதே இரவில், அதே கோதாவில், இன்னொன்றும் நடந்தது.

கடைசிப் பந்தயம் கஸுசிகா ஒகாடாவுக்கும் கட்ஸுயோரி ஷிபாடாவுக்கும். 38 நிமிஷங்களுக்கு மேல் போயிற்று. ஒரு கட்டத்தில் ஷிபாடா தன் தலையால் ஒகாடாவின் தலையில் மோதினார். பாவனை இல்லை. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. தோற்று, நடந்தே உள்ளே போனவர் அங்கே விழுந்தார். மூளை உறைக்கும் மூளைக்கும் நடுவே ரத்தக்கசிவு. அவசர அறுவை சிகிச்சை. 2021 அக்டோபரில்தான் மறுபடி ரசிகர்கள் முன்னால் மோதினார், அதுவும் ஐந்து நிமிஷக் காட்சிப் பந்தயம் ஒன்றில்.

பந்தயங்களுக்கு நட்சத்திரம் போடுகிற அமெரிக்கப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்ஸர் இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ரசிகர்களில் பெரும்பாலோர் அதே பக்கம்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விளைவு தெரியாமல் முதல் தடவை பதிவைப் பார்த்தபோது அந்த மோதலின் சப்தம் எனக்கும் மயிர்க்கூச்செறிய வைத்தது. இதுதான் நிஜம் என்று நினைத்தேன். நிறுத்தித் திரும்பவும் கேட்டேன். குஷிடாவின் தோல்வியில் எல்லாம் சரியாகச் செய்யப்பட்டிருந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை; அதைப் பாராட்டியது என் மூளை. ஷிபாடாவின் தலையை விரும்பியது நான்.

ரசிகனின் அபிப்பிராயத்துக்குள் இருக்கும் கணக்கு இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நீளம் என்று அவன் சொல்வது கடிகாரத்தை அல்ல. எவ்வளவு உடம்பு செலவாயிற்று என்பதை. குறைவாகச் செலவானால் ஏமாற்று. தன்னையே அழித்துக்கொண்டு எழுதியவன் என்று கேள்விப்பட்டதும் ஒரு கவிஞனின் வரிகளுக்கு நாம் கூட்டிப் போடுகிற மார்க்கும் இந்த வகைதான். வரிகள் எப்படி என்று பிறகு பார்த்துக்கொள்கிறோம்.

ஹிரோமு தகஹாஷி இந்தக் கணக்கிலிருந்து தப்பியவரில்லை. 2018 ஜூலை 7-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவுக்கு அருகே ட்ராகன் லீயோடு மோதியபோது தலைகீழாக விழுந்து கழுத்து முறிந்தது. முறிந்த கழுத்தோடு பந்தயத்தை முடித்து ஜெயிக்கவும் செய்தார். பட்டத்தைத் துறக்க வேண்டியதாயிற்று. 2020 ஜனவரி 4-ல் வில் ஆஸ்ப்ரேயைத் தோற்கடித்து மறுபடி பெற்றார். இந்த மீட்சியை ரசிகர்கள் கொண்டாடினார்கள், நானும்தான்.

ஆனால் அவருடைய பந்தயங்களில் ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னால் 2017 ஏப்ரலைத்தான் எடுப்பேன். அதை மட்டும் என்னால் எத்தனை தடவையும் குற்ற உணர்வில்லாமல் பார்க்க முடிகிறது. இது ஒரு விமர்சன அளவுகோலாகுமா என்று கேட்டால், ஆகும் என்றே சொல்வேன்.