சாமையை யார் குத்துவது?

ஜவ்வாது மலை அடிவாரத்தில், சிங்காரப்பேட்டைக்கு அருகே புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. குறைவாக நுகர்ந்து, கையால் உழைத்து வாழப் பழக வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் பலர் தேடி வரும் இடம் இது. பாடத்திட்டத்துக்குள் அடங்காத பள்ளி. துவம் தையல்கூடம், தும்பி சிறார் இதழ், தன்னறம் பதிப்பகம் எனப் பல முயற்சிகள் இதைச் சுற்றி வளர்ந்திருக்கின்றன. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாயலை இங்கே காணலாம். கைத்தொழிலே பாடம் என்பதுதான் அந்தக் கல்வியின் அடிப்படை.

இம்முயற்சிகளில் என் மதிப்பில் முதலிடம், தூர்ந்துபோன ஊர்க்கிணறுகளை மீட்கும் பணிக்கு. சேறு அள்ளி, சுற்றுச்சுவர் கட்டி, கிணற்றை மறுபடி ஊரிடம் ஒப்படைக்கிறார்கள். துணிப்பை வாங்குவதை ஒருவர் தனியாகச் செய்துவிடலாம். கிணறு தூர்வார ஊர் கூடியாக வேண்டும். யார் முறை, யார் காவல், குப்பை கொட்டினால் யார் கேட்பது என்று பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சே பெரிய கல்வி. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டி போட்டு உறிஞ்சினால், தூர்வாரிய கிணறும் கோடையில் வற்றத்தான் செய்யும். நிலத்தடி நீரை யார், எவ்வளவு எடுக்கலாம் என்ற அரசியல் கேள்வியைத் தன்னார்வ உழைப்பால் மட்டும் தீர்க்க முடியாது.

தையல்கூடம் போன்ற முயற்சிகளில் உருவாகும் கைத்தறிச் சட்டை, கையால் தைத்த பொம்மை விஷயத்தில் என் தயக்கம் இன்னும் கூடுதல். தைக்கும் பெண்ணுக்கு ஊரிலேயே கூலி கிடைக்கிறது. அது சிறிய காரியமல்ல. ஆனால் நேர்மையான கூலி கொடுத்துச் செய்த பொருளின் விலை, அதே ஊரில் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு எட்டாது. வாங்குபவர் சென்னையிலோ கோவையிலோ இருக்கிறார். அவருடைய அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் சட்டைகளோடு இன்னொன்று சேர்ந்தால், அதை எளிமை என்று எப்படிச் சொல்வது?

இனி மலைமேல் ஏறுவோம். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடியினர் மானாவாரியில் சாமை விளைவித்தவர்கள். 'நிலைத்த வாழ்வு' என்று நாம் வகுப்பு நடத்தும் விஷயம் அவர்கள் வீட்டில் சோறாக வெந்தது. இன்று அந்தச் சோறு குறைந்துபோனதற்கு அறியாமையைக் காரணம் காட்டுவது நம் சோம்பல். சாமையை உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்த வேண்டும், இடுப்பொடிவது பெண்களுக்கு. ரேஷன் அரிசி 2008இல் கிலோ 1 ரூபாய்க்கு வந்தது, 2011 முதல் இலவசமானது. உலக்கையைக் கீழே வைத்த பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். பாரம்பரியத்தைப் போற்றும் கட்டுரைகளில் பெரும்பாலும் இந்த உலக்கை வருவதில்லை, வந்தாலும் அழகுக்கு வருகிறது.

பிழைப்பு இல்லாத இடத்தில் சூழல் பாடம் எடுபடாது என்பதற்குக் கொடுமையான சாட்சியும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இம்மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

மறுபடி உலக்கைக்கு வருவோம். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். தவிடும் கூலியும் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தச் சாரத்தை வைத்துக்கொண்டு உலக்கையை விட்டுவிடலாம். ஊருக்கு ஊர் சிறிய தோலுரிக்கும் இயந்திரம் இருந்தால் பெண்ணின் இடுப்பும் தப்பும். தவிடு மலை மாட்டுக்கே போகும். ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் சாமை, புளி, தேன் ஆகியவற்றைத் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியிருப்பது சரியான திசை. உமியோடு மூட்டை கட்டிச் சமவெளி வியாபாரிக்கு அனுப்பும் வரை லாபம் ஆலைக்காரருக்குத்தான்.

அடுத்த முறை சாமை வாங்கும்போது, விளைந்த ஊரைக் கேட்பதோடு நிறுத்தாமல் அரைத்த ஊரையும் கேளுங்கள்.