நடுவில் யாரும் வேண்டாம்

போனில் எடுத்த படம் பக்கத்து மேஜையிலுள்ள கம்ப்யூட்டருக்குப் போக, ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டுமா? சிங்க்திங் அதை நேராகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. யாகோப் போர்க் 2013இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. கணக்கு, சந்தா எதுவும் கிடையாது. இரண்டு கருவிகளும் வெவ்வேறு ஊரில் இருந்தால் சில நேரம் ரிலே சர்வர் வழியாகப் போகும். அப்போதும் உள்ளே இருப்பதை அந்த சர்வரால் படிக்க முடியாது.

ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்து அடையாளம் உண்டு. ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதி. தட்டும்போது ஓர் எழுத்து பிசகினாலும் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எழுத்துகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. இரு பக்கமும் சம்மதித்தால்தான் இணைப்பு. என்ன அழகான ஏற்பாடு!

கோப்பைத் துண்டு துண்டாகப் பார்ப்பதால், மாறிய துண்டு மட்டுமே பயணம் போகிறது. ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் திருத்திவிட்டால், ஒன்றைப் பெயர் மாற்றித் தனியே வைத்துவிடும், முடிவு நம்முடையது. அந்த மரியாதைக்காகவே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

ஆனால் ஒரு பக்கம் அழித்தால் மறு பக்கமும் அழியும். ஆகவே பேக்கப்பைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.